இரவு வண்டியில் குதிரை: உள்ளே எந்த விளக்கு, எப்போது?

தமிழ்நாட்டில் குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. காரணம் வெயில். தகரமும் தார்ப்பாயும் கொதிக்கிற வண்டிக்குள் 300, 400 கிலோ உடம்பைப் பகல் முழுக்க நிறுத்தி வைத்தால், ஊர் போய்ச் சேரும்போது அது வியர்த்து வற்றிப் போயிருக்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் ஏற்றி, விடிவதற்குள் இறக்கப் பார்ப்பது இதனால்தான். சரியான முடிவு. ஆனால் தண்ணீர், தீவனம், தரை விரிப்பு, டாக்டர் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவர்கள்கூட வண்டிக்குள் இருக்கிற விளக்கை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். புறப்படும் நேரத்தில் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மேல் கம்பியில் ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

வண்டி ஆட ஆட அந்தப் பல்பும் ஆடும். பல்பு ஆடினால் உள்ளே இருக்கிற கம்பி, கயிறு, தடுப்பு மூங்கில், குதிரையின் கழுத்து எல்லாவற்றின் நிழலும் சுவரில் போய்வந்துகொண்டிருக்கும். குதிரை பின்னங்காலை மாற்றி மாற்றி வைக்கிறது, தலையைத் தூக்கி இழுக்கிறது, வண்டியைக் காலால் உதைக்கிறது என்றால், ‘இதற்கு வண்டி ஆகாது’ என்று முடிவுகட்டும் முன்னால் அந்தப் பல்பைப் பாருங்கள். குதிரைக்கு நிறைய வெளிச்சம் தேவையில்லை. திடீரென்று மாறாத வெளிச்சம்தான் வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

குதிரையின் கண் எப்படிப் பார்க்கிறது

நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்கள் உள்ளவற்றில் குதிரை ஒன்று. மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்கள் அதன் விழித்திரையில் மிக அதிகம். அதற்குப் பின்னால் மினுமினுப்பான ஒரு படலமும் உண்டு. இருட்டில் டார்ச் அடித்தால் குதிரையின் கண் பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்வது அந்தப் படலத்தால்தான். விழித்திரையில் பிடிபடாமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்கு அதைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. நாம் கல்லில் இடறுகிற நிலவொளியில் குதிரை சாதாரணமாக நடந்து போகும். அதனால் ‘பாவம், இருட்டில் நிற்கிறதே’ என்று நாம் படுகிற கவலையில் பாதி, நம் கண்ணை வைத்துக்கொண்டு அதன் கண்ணை அளப்பதால் வருவது.

அந்தத் திறமைக்கு ஒரு விலை இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் குதிரையின் கண் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். முழுக்கப் பழக அரை மணிக்கும் மேல் ஆகலாம். அதுவரை, பழக்கமான வாசல்கூட அதற்குக் கறுப்புப் பள்ளமாகத் தெரியும். ஹைமாஸ்ட் விளக்கின் கீழ் நின்ற குதிரையை உடனே இருண்ட லாரிக்குள் ஏறச் சொல்வதும், இருட்டில் நாலு மணி நேரம் வந்த குதிரையை ஃபோகஸ் லைட்டுக்கு நேராக இறக்குவதும், அதன் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வதற்குச் சமம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட தன்னைச் சுற்றிலும் அதற்குத் தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு முன்னும் மூக்குக்குக் கீழும் உள்ள சிறு பகுதிகள் மட்டும் தெரியாது. அதாவது வண்டியின் எந்த மூலையில் ஒளி மின்னினாலும் அது பார்த்துவிடும். ஆனால் தன் மூக்கின் கீழே இருக்கிற, ஏறி இறங்கப் போடும் சாய்பலகையின் விளிம்பைப் பார்க்க அது தலையைத் தாழ்த்தியே ஆகவேண்டும். இரண்டாவது, அதன் கருவிழியின் மேல் விளிம்பில் சின்னச் சின்னக் கறுப்புக் குமிழ்கள் இருக்கின்றன. குதிரை அமைதியாக நிற்கும்போது பக்கவாட்டில் நின்று கவனித்தால் நீங்களே பார்க்கலாம். மேலிருந்து விழும் வெயில் கூசாமல் நிழல் தருவதற்கானவை இவை என்று கருதப்படுகிறது. வண்டிக்குள் விளக்கு பொருத்துகிறவருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஒளி மேலிருந்து வரட்டும். கண்மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருந்து முகத்தில் அடிக்க வேண்டாம்.

ஏற்றும்போது

பயணம் முழுவதிலும் விளக்கு மிக அதிகமாகத் தேவைப்படுவது ஏற்றுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான். தவறு அதிகம் நடப்பதும் அப்போதுதான்.

வெளியே இருப்பதைவிட வண்டியின் உட்புறம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாக இருக்க வேண்டும். கால்நடைகளைக் கையாளும் முறைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் மாடுகளையும் பன்றிகளையும் வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் இது: விலங்கு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு விரும்பிப் போகும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத் தயங்கும், கண்ணில் அடிக்கிற ஒளியை நோக்கி எப்போதுமே போகாது. குதிரைக்கும் இது அப்படியே பொருந்தும். அதனால் உள்ளே இருக்கிற எல்லா விளக்கையும் ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குதிரை சாய்பலகையில் ஒரு கால் வைத்துவிட்டுத் தயங்கி நிற்கும்போது யாராவது ‘டக்’கென்று சுவிட்சைப் போட்டால், அன்றைக்கு அது ஏறுவது கஷ்டம்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? ஒரு நாளிதழை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய் நில்லுங்கள். செய்தியின் பொடி எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் ஏற்றுவதற்கு அது போதும். பிறகு குனிந்து, குதிரையின் முகம் எந்த உயரத்தில் வருமோ அங்கே உங்கள் கண்ணை வைத்து, சாய்பலகையின் அடியிலிருந்து உள்ளே பாருங்கள். எந்த விளக்காவது நேராகக் கண்ணில் குத்தினால் அதைத் திருப்புங்கள், அல்லது பால் நிற பிளாஸ்டிக் மூடி போடுங்கள். தரையில் தண்ணீர் தேங்கி மின்னுகிறதா, எவர்சில்வர் தகட்டில் பல்பின் பிம்பம் தெரிகிறதா என்றும் இந்த உயரத்திலிருந்துதான் தெரியும். நின்ற நிலையில் நமக்கு அது கண்ணில் படாது.

சாய்பலகைக்குத் தனியாக ஒரு விளக்கு வேண்டும். அதைப் பின்கதவுக்கு மேலே நடுவில் வைத்தால், குதிரையைப் பிடித்து முன்னே போகிறவரின் நிழல் குதிரை கால் வைக்கவேண்டிய இடத்திலேயே விழும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு விளக்கு, பலகையை நோக்கிச் சாய்த்து வைத்தால் நிழல் ஒன்றையொன்று அழித்துவிடும். பலகைக்கும் வண்டித் தரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் குதிரை மிகவும் அஞ்சுகிற இடம். அங்கே கறுப்புக் கோடாக இருள் தெரிந்தால் அது பள்ளமா, பலகையா என்று அதற்குப் புரியாது. முகர்ந்து பார்க்கத் தலையைத் தாழ்த்தும். தாழ்த்த விடுங்கள். தலைக்கயிற்றைத் தூக்கிப் பிடித்து ‘ஏறு, ஏறு’ என்று அவசரப்படுத்தும்போது அதன் பார்வையைத்தான் பறிக்கிறோம். இடைவெளியின் மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வெளியே இருக்கும் வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். தெருவிளக்கு ஒன்றே ஒன்று இருந்தால், வண்டியின் பின்புறம் அந்த விளக்கைப் பார்த்தபடி நிறுத்துங்கள். அதன் ஒளி குதிரையின் முதுகுப் பக்கமிருந்து வந்து வண்டிக்குள் விழும். உதவி செய்வதாக நினைத்து யாராவது ஒரு பைக்காரர் ஹெட்லைட்டைக் குதிரைக்கு எதிரே போட்டால் அணைக்கச் சொல்லுங்கள். சந்தைகளில் இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை செல்போன். நல்ல குதிரை ஏறுகிறது என்றால் நாலு பக்கமும் ஃபிளாஷ் லைட்டோடு வீடியோ எடுக்க ஆள் கூடிவிடும். நாலு திசையிலிருந்து நாலு வெள்ளை ஒளி, நாலும் கையோடு ஆடுகின்றன. ‘குதிரை மிரளும், லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள்’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள். கோபமில்லாமல் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

ஓடும்போது

குதிரை ஏறி, கட்டி, பின்தடுப்பு போட்ட பிறகு விளக்கை அணைப்பதா, எரிய விடுவதா? குதிரைக்காரர்களிடம் இரண்டு கட்சி உண்டு. இருட்டில் அது தூங்கிக்கொண்டே வரும் என்பது ஒரு பக்கம். வெளிச்சம் இருந்தால்தான் தைரியமாக நிற்கும் என்பது மறுபக்கம். என் பதில் வண்டியைப் பொறுத்தது. நாலு பக்கமும் மூடி, மேலே மட்டும் காற்றுவாசல் உள்ள வண்டி என்றால் அணைத்துவிடலாம். பக்கங்கள் திறந்த லாரியோ பிக்கப்போ என்றால் மங்கலான, அசையாத ஒரு விளக்கு எரியட்டும்.

ஏன் என்பதற்கு நம் சட்டத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. மத்திய அரசின் 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரை இனத்துக்குத் தனிப் பகுதி உண்டு. சரக்கு வண்டியில் ஏற்றும்போது தரையில் வழுக்காத விரிப்பு, குதிரைக்குக் குதிரை நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில், கூடவே ஓர் ஆள், 35 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்றெல்லாம் அது சொல்கிறது. அதோடு ஒரு வரி: குதிரைகள் மிரளாமலும் காயப்படாமலும் இருக்க அவற்றின் தலை இடது பக்கம், கடந்துபோகும் போக்குவரத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். சாலையில் இடது பக்கம் ஓடும் நாட்டில் எதிர் வண்டியின் ஒளியும் சத்தமும் வலது பக்கமிருந்துதான் வரும். அந்த வரியை எழுதியவருக்குக் குதிரையைத் தெரிந்திருக்கிறது.

தலையை இடது பக்கம் வைத்துக் குறுக்காக நிறுத்தினால் எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்காது. ஆனால் வலது பக்கப் பலகை இடுக்குகள் வழியே அந்த ஒளி உள்ளே புகுந்து, குதிரையின் நிழலையே பெரிதாக்கி இடது சுவரில், அதன் முகத்துக்கு எதிரில் வீசும். வண்டி கடந்து போகிற இரண்டு மூன்று வினாடிக்குள் அந்த நிழல் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடி மறையும். அடுத்த வண்டி வந்ததும் மறுபடியும். உள்ளே முழு இருட்டாக இருந்தால் இந்த நிழல் வெட்டியெடுத்தாற்போலத் தெரியும். மங்கலான ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் நிழல் வெளிறிப் போகும். திறந்த வண்டியில் விளக்கு வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

அதற்கு முன்பாகச் செய்ய வேண்டியது, வலது பக்க இடுக்குகளைக் குதிரையின் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் வரை அடைப்பது. தார்ப்பாயை உள்பக்கமாக இழுத்துப் படபடக்காமல் கட்டுங்கள், கோணிப்பையும் போதும். அதற்கு மேலே ஒரு முழமாவது காற்றுக்காகத் திறந்தே இருக்கட்டும். வெளிச்சத்தைத் தடுக்கப் போய்க் காற்றை அடைத்துவிடக் கூடாது. மூத்திர நெடியும் வைக்கோல் தூசியும் அடைந்த வண்டி, ஹெட்லைட்டைவிடப் பெரிய கெடுதல்.

பிக்கப்பில் குதிரையைக் குறுக்காக நிறுத்த இடம் போதாது. முன்னோக்கியோ கொஞ்சம் சாய்வாகவோதான் நிற்கும். அப்போது அதன் முகத்துக்கு எதிரே இருப்பது டிரைவர் கேபினின் பின்கண்ணாடி. கேபினுக்குள் எரிகிற விளக்கும், செல்போன் திரையும், டாஷ்போர்டில் மினுக்கும் அலங்கார விளக்கும் எல்லாம் அதற்குத் தெரியும். கண்ணாடியின் பாதியைப் பழைய துணியால் மறையுங்கள். வண்டியைச் சுற்றி நீலமும் பச்சையுமாக ஓடி ஓடி எரிகிற எல்இடி வரிசையைக் குதிரை ஏற்றுகிற இரவில் அணைத்தே வைக்க வேண்டும். இண்டிகேட்டர் போடும்போது அதன் மஞ்சள் ஒளி பலகை இடுக்கு வழியாக உள்ளே விட்டுவிட்டு அடிக்கிறதா என்றும் வண்டி நிற்கும்போதே போட்டுப் பார்த்து, இடுக்கை அடையுங்கள்.

ஓடும்போது எரிகிற விளக்குக்கும் நாளிதழ்தான் அளவு. உள்ளே நின்று ஐந்து நிமிடம் கண் பழகிய பிறகு தலைப்புச் செய்தி தெரிய வேண்டும், பொடி எழுத்து தெரியக் கூடாது. அதற்கு மேல் போனால் அந்த ஒளி வெளியே கசிந்து டிரைவரின் பக்கக் கண்ணாடியில் வந்து விழும். இரவில் 35-ல் ஊர்ந்து போகும் வண்டியை ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருவது தெரியாமல் போவது பெரிய ஆபத்து. பின்கதவு இடுக்கு வழியாக வெள்ளை ஒளி தெரிவதும் கூடாது. வண்டியின் பின்னால் சிவப்பு தெரிந்தால்தான் வருகிறவருக்கு ‘முன்னே ஒரு வண்டி அதே திசையில் போகிறது’ என்று புரியும்.

மலைப்பாதையில் இவை எல்லாமே கூடுதலாகும். கொள்ளேகாலிலிருந்து பர்கூர் வழியாக அந்தியூருக்கு இறங்குகிற பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எதிர் ஒளி ஒரு பக்கத்திலிருந்து நுழைந்து மறுபக்கம் போகும். வலதை மட்டும் அடைத்தால் போதாது, இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும். திம்பம் மலைப்பாதை, பந்திப்பூர் காட்டுச் சாலை வழியாக வருவதாக இருந்தால் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுத்துப் புறப்படுங்கள். நேரம் தவறிச் சோதனைச்சாவடியில் மாட்டினால் விடிகிற வரை குதிரை நின்ற இடத்திலேயே, பக்கத்து லாரிகளின் ஹெட்லைட்டுக்கு நடுவே நிற்க வேண்டிவரும்.

எந்த நிறம்

கடையில் கேட்டால் பளிச்சென்ற நீலவெள்ளை பல்பைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். ஏற்றவும், காயம் பார்க்கவும் அது சரி. வழி முழுக்க எரிவதற்கு வேண்டாம். மஞ்சள் சாயல் கொண்ட, 3000 கெல்வினுக்குக் குறைவான பல்பையோ ஆரஞ்சு விளக்கையோ கேட்டு வாங்குங்கள்.

குதிரைக்கு நிறம் தெரியாது என்பது தவறு. நமக்கு நிறம் உணரும் செல்கள் மூன்று வகை, அதற்கு இரண்டு. நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரித்தறியும். சிவப்பு அதற்கு மங்கல். உடம்பின் இரவுச் சுரப்பான மெலடோனினை அடக்குவதும் நீல ஒளிதான். வெளிநாட்டுப் பண்ணைகளில் பெட்டைக் குதிரைகளைப் பருவத்துக்கு முன்பே சூட்டுக்குக் கொண்டுவர ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சத்தில் வைப்பது நீண்டநாள் வழக்கம். இப்போது ஒற்றைக் கண்ணில் மெல்லிய நீல ஒளி காட்டும் முகமூடிகளும் வந்துவிட்டன. ஓர் இரவுப் பயணத்தால் பருவம் மாறிவிடாது. ஆனால் நின்றபடியே கண்ணயர வேண்டிய நேரத்தில் அதன் முகத்துக்கு எதிரே பகலைக் கொண்டுவர வேண்டியதில்லை.

பூச்சிக்கும் இதே கணக்கு. மழைக்கால இரவில் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, உள்ளே வெள்ளை விளக்கு எரிந்தால் ஈசலும் வண்டும் உள்ளே நிறைந்துவிடும். கட்டிய நிலையில் குதிரையால் தலையை உதறத்தான் முடியும். மஞ்சள் ஒளிக்குப் பூச்சி வருவது குறைவு.

சிவப்பு விளக்கு போட்டால் நம் கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாது, குதிரையையும் உறுத்தாது. ஆனால் சிவப்பு ஒளியில் இரத்தம் தெரியாது. குளம்புக்கு மேலே வெட்டு விழுந்து இரத்தம் கசிந்தாலும் ஈரமாக மட்டும் தெரியும். ஈறு வெளுத்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. சிவப்பு விளக்கு வைப்பவர் கையில் கட்டாயம் வெள்ளை டார்ச்சும் இருக்க வேண்டும்.

பொருத்துவது

முதலில் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பாருங்கள். பிக்கப், சிறிய லோடு வண்டிகளில் 12. பெரிய லாரிகளில் 24. பன்னிரண்டுக்கான எல்இடி பட்டையை இருபத்துநான்கில் இணைத்தால் சூடேறிக் கருகும். பழைய இழை பல்பும் ஹாலஜனும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்; வைக்கோல் ஒரு துணுக்கு மேலே விழுந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அவை சூடாகும். கட்டிப்போட்ட குதிரைகளோடு ஓடுகிற வண்டியில் தீ என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம். ஃபியூஸ் இல்லாமல் ஒரு ஒயர்கூடப் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று; அதற்கப்புறம்தான் மற்ற ஒயர்.

6 வாட் எல்இடி 12 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் எடுக்கும். ஆறு மணி நேரம் எரிந்தாலும் 3 ஆம்பியர்-மணி. இன்ஜின் அணைந்திருந்தாலும் பேட்டரிக்கு அது ஒரு சுமையே இல்லை.

விளக்குகளை மேற்கூரையும் சுவரும் சேருகிற மூலையில், குதிரையின் தலைக்குப் பின்பக்கமாக, ஒரே பெரிய பல்பாக இல்லாமல் நீளமான பட்டையாகப் பொருத்துங்கள். தலை தூக்கினாலும் முட்டாத உயரம் வேண்டும். மேலே பால் நிற மூடியும் கம்பி வலையும் இருக்கட்டும். நீரும் தூசியும் புகாத ஐபி67 தரம் வாங்குவது வீண் செலவாகாது. தண்ணீரைவிடக் குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் செம்பு இணைப்புகளைச் சீக்கிரம் அரிக்கும். குதிரை எட்டுகிற இடத்தில் ஒயர் தெரிந்தால் கடிக்கும், அதனால் எல்லா ஒயரும் பிவிசி குழாய்க்குள் போக வேண்டும். ஏற்றும் விளக்குக்கு ஒரு சுவிட்ச், வழி விளக்குக்கு இன்னொன்று. இரண்டும் பின்கதவுக்கு வெளியே கை எட்டுகிற இடத்தில் இருந்தால் குதிரையின் பின்னங்காலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

ஒளியைக் குறைக்கிற சில மலிவான டிம்மர்கள் விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் மங்கலாக்குகின்றன. செல்போன் கேமராவில் பார்க்கும்போது பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் அது அந்த வகை. அதற்குப் பதில் குறைந்த வாட் விளக்காகவே வாங்கிவிடுங்கள்.

சுவரின் உட்புறம் என்ன நிறம் என்பது விளக்குக்குச் சமமான முக்கியத்துவம் பெற்றது. கறுத்த, கரி படிந்த சுவர் எத்தனை பல்பு போட்டாலும் விழுங்கிவிடும். பளபளக்காத வெளிர்மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர் சின்ன விளக்கின் ஒளியையும் சீராகப் பரப்பும். ஒரு டப்பா பெயின்ட்டில் கிடைக்கிற இந்தப் பலனுக்கு இணையாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

வசதி உள்ளவர்கள் இருட்டிலும் காட்டுகிற அகச்சிவப்பு கேமராவைக் கூரையில் பொருத்தி, திரையைக் கேபினில் வைக்கலாம். 940 நானோமீட்டர் வகை கேட்டால் கண்ணுக்கு ஒளியே தெரியாது. மூடிய வண்டியை முழு இருட்டில் ஓட்டவும், குதிரையைப் பார்த்துக்கொண்டே வரவும் முடியும். திரையைப் பார்க்கிற வேலை உடன் வரும் ஆளுக்கு, டிரைவருக்கு வேண்டாம்.

நடுவழியில்

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்துங்கள். பெட்ரோல் பங்க்கின் வெள்ளை விளக்குக்குக் கீழே வேண்டாம். கொஞ்சம் தள்ளி, சாலையிலிருந்து விலகி. வண்டி நின்றதும் பின்கதவைத் திறக்காதீர்கள். பேசிக்கொண்டே பக்கவாட்டில் போங்கள். உங்கள் குரலை அது அறிந்திருக்கும். வழி விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும். டார்ச்சை முதலில் தரையில் அடித்து, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். நேராகக் கண்ணில் அடித்தால் அடுத்த பல நிமிடங்களுக்கு அது குருடாகத்தான் நிற்கும்.

வெள்ளை டார்ச்சில் பார்க்க வேண்டியது: கால்களில் வெட்டு, வாலடியில் உராய்வு, மூக்கில் சளி, ஈறின் நிறம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. பயணத்தில் சற்றுக் கூடும், நின்று கால் மணியில் இறங்க வேண்டும். பிறகு தலைக்கயிற்றைத் தளர்த்தி, தலையைக் கீழே தாழ்த்த விடுங்கள். மணிக்கணக்கில் தலையை உயர்த்தியே கட்டிய குதிரையின் மூச்சுக்குழாயில் தூசியும் சளியும் தேங்கி நுரையீரலில் காய்ச்சலாக மாறுவது நீண்ட பயணங்களின் பழைய நோய்.

குதிரை உள்ளே விழுந்துவிட்டால், அல்லது காலைத் தடுப்புக்கு மேலே போட்டுவிட்டால், பதற்றத்தில் எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டுப் பின்கதவைத் திறக்கத் தோன்றும். பரபரப்பான சாலையில் கதவு திறந்த அந்த நொடியில் பின்னால் வருகிற வண்டிகளின் ஒளி முழுவதும் உள்ளே பாயும். விழுந்த குதிரை உதறி எழப் பார்க்கும். முதலில் நாலு இண்டிகேட்டரையும் போட்டு வண்டியைச் சாலையைவிட்டு இறக்குங்கள். தலையில் கட்டுகிற டார்ச் ஒன்று, அதற்கு மாற்று பேட்டரியோடு, கேபினில் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு கையும் வேலைக்கு வேண்டியிருக்கும். பக்கவாட்டு வாசல் உள்ள வண்டியில் அந்த வழியாகப் போங்கள்.

இறக்கும்போது

இறக்கும் இடத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே போனில் விசாரித்துவிடுங்கள். இருட்டான தோட்டமோ லாயமோ என்றால், வந்து நின்றதும் உள்விளக்கை அணைத்துவிட்டு ஒரு கால் மணியாவது குதிரையை அப்படியே நிற்க விடுங்கள். ஃபோகஸ் லைட் எரிகிற சந்தைத் திடல் என்றால் தார்ப்பாயின் மேல் பகுதியை மட்டும் முதலில் விலக்கி, அந்த ஒளி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரட்டும். வண்டியின் பின்புறம் லைட்டைப் பார்க்காதபடி திருப்பி நிறுத்தினால் இன்னும் நல்லது. காத்திருக்கிற நேரத்தில் சாய்பலகையைச் சரியாக நிறுத்தி, ஆடாமல் அடியில் கட்டை வைத்து, இரண்டு பக்க விளக்கையும் போட்டுவிடலாம்.

கீழே இறங்கியதும் நாலைந்து நிமிடம் கையில் பிடித்து மெல்ல நடத்துங்கள். தண்ணீர் வாளியைப் புதிய இடத்தில் நிழலுக்குள் வைத்தால் அது வாளி என்றே தெரியாமல் சில குதிரைகள் குடிக்காது. ஒளி விழுகிற இடத்தில் வைத்து, கையால் தண்ணீரை அலம்பிக் காட்டுங்கள். கால்களை மறுபடி வெள்ளை டார்ச்சில் பார்த்துவிட்டு, கொட்டகையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். விடியும் வரை அதற்கு இருட்டு வேண்டும். வண்டியைக் கழுவும்போது விளக்கு மூடிகளில் படிந்த தூசியையும் ஈரத் துணியால் துடைத்து, ஃபியூஸையும் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிட்டால், திரும்பும் இரவில் அவசரப்பட வேண்டியிருக்காது.